ஞாயிற்றுக்கிழமைச் சுடுதண்ணீர்

லண்டனில், எங்கள் கிங்ஸ்பரி வீட்டில், தண்ணீர் சுடவைக்கிற பொயிலர் என் தலைமாட்டில் இருந்தது. கட்டிலின் தலைப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். அந்தச் சுவரோடு ஒட்டிய அலுமாரிக்குள் அதைப் பொருத்திப் பூட்டியிருந்தார்கள். அதற்கு முன்னர் அதே அலுமாரிக்குள் பெரிய செம்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்று நின்றது. தாங்கிக் காலத்தில் இரண்டு பேர் சுடுதண்ணீரில் குளித்தால் மூன்றாமவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். என் கணவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கொம்பி பொயிலர் பூட்டுவித்தார். தாங்கியே கிடையாது, பைப்பைத் திறக்கிற அந்த நேரத்திலேயே தண்ணீரைச் சுடவைத்துத் தரும், ஊரே வந்து குளித்தாலும் முடியாது என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அலுமாரியைத் திறந்து காட்டுவார். புதிதாய்ப் பிறந்த பிள்ளையைக் காட்டுகிற பெருமை அவருடைய முகத்தில் இருக்கும்.

அவர் காட்டாமல் விட்டது அதன் சத்தம். சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்தவுடன் உள்ளே ஒரு 'டக்'. பிறகு 'வூம்' என்று நெருப்புப் பற்றும். அதற்குப் பிறகு பைப்பை மூடும்வரைக்கும், மேடு ஏறுகிற பழைய பஸ்ஸைப் போல ஓர் உறுமல். சுவர் அதிரும், கட்டில் அதிரும், தலையணைக்குள் இருக்கிற என் காதும் அதிரும். பகலில் விழித்திருக்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான் பகலில் நித்திரை கொள்கிறவள்.

அப்போது எனக்கு ஒரு வயோதிபர் இல்லத்தில் நைட் ஷிப்ட். ஞாயிறு பூசைக்குத் தேவாலயத்துக்குப் போகவேண்டும் என்பதற்காகச் சனி இரவை மட்டும் விட்டுவிடுவேன். மற்ற எல்லா இரவுகளிலும் வேலை. விடிந்து வீட்டுக்கு வந்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தால், கண் செருகுகிற அந்த நேரம் பார்த்துத்தான் யாராவது பைப்பைத் திறப்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எழும்பி வந்து பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டு அந்த அலுமாரியைப் பார்த்துத் திட்டுவேன். "இந்தச் சனியன் என்ரை நித்திரையைக் குடிக்கத்தான் வந்தது" என்பேன். திட்டியது பொயிலரைத்தான். ஆனால் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அது கேட்கும்.

அப்பா வந்தது ஊரில் சண்டை நின்று, பாதை திறந்த சமாதான காலத்தில். அம்மா இறந்த பிறகு மன்னாரில் தன் தங்கையின் வீட்டில் இருந்தார். தனியாக இருக்கிற தகப்பன் என்று எழுதிக் கொடுத்து, ஒரேயடியாக என்னோடு இருப்பதற்கு விசா எடுத்துவிட்டேன். அவரோ போய்வருவதற்கு ஒரு வருட விமான ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். அந்தத் திரும்பிப் போகிற ரிக்கற்றைத் தன் சின்ன அறையில், சன்னல் தட்டில் இருந்த மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்தார். ஏன் அப்பா என்று கேட்டால், "இந்த மாரிக் குளிர் முடியட்டும். பிறகு பாப்பம்" என்பார். அந்த அறையைக் கூட்டப் போகும்போதெல்லாம் மாதாவைப் பார்க்காமல் ரிக்கற்றைத்தான் பார்ப்பேன். அவர் என்னோடு இருக்கவேண்டும் என்பதைவிட அந்த வருடம் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

மன்னார்ப் பாதையில் ரயில் ஓடிய காலத்தில் அப்பா ஒரு சின்ன ஸ்டேஷனின் மாஸ்டர். பாதி நாட்கள் இரவுக் கடமை. அவர் விடியற்காலையில் வந்து படுத்தால் எங்கள் ரெயில்வே குவாட்டர்ஸ் முழுவதும் வாயை மூடிக்கொள்ளும். கிணற்றுக் கப்பி கிறீச்சிடும் என்று அம்மா கப்பியில் தண்ணீர் அள்ளமாட்டா. கயிற்றைக் கையால் இழுப்பா. வாளி கிணற்றுக் கட்டில் இடித்துச் சத்தம் போடாமல் இருக்க அதன் காதில் ஒரு பழந்துணியைச் சுற்றிக் கட்டியிருப்பா. நாங்கள் பிள்ளைகள் சண்டை பிடிப்பதென்றால்கூடத் தண்டவாளப் பக்கம் போய்த்தான் பிடிக்கவேண்டும். எனக்கு இதெல்லாம் மறந்துபோயிருந்தது.

குளிக்கிற விசயத்தில் அப்பா யாருடைய சொல்லையும் கேட்கவில்லை. ஷவரைக் காட்டியபோது, "மழைக்குள்ள நிண்டு குளிக்கிறதே?" என்று சிரித்தார். லண்டனில் அநேகமான எங்கள் ஆட்களுடைய வீடுகளில் இருப்பது போல எங்கள் குளியல் தொட்டிக்குள்ளும் ஒரு நீல வாளியும் கோப்பையும் இருந்தன. அவருக்கு அது போதும். சாரத்தைக் கட்டிக்கொண்டு, தொட்டிக்குள் ஒரு சின்ன ஸ்ரூலைப் போட்டு உட்கார்ந்து, வாளியில் தண்ணீரை நிறைத்து, கோப்பையால் அள்ளி ஊற்றுவார்.

மாரி தொடங்கிக் கொஞ்சக் காலத்தில் என் கணவர்தான் முதலில் சொன்னார். அவருடைய வேலை சில நாட்களில் மத்தியானம்தான் தொடங்கும்.

"மாமா பாத்ரூமுக்குள்ள போனா ஒரு மணித்தியாலத்துக்கு வெளியில வாறேல்லை. என்னவெண்டு கேளும்."

அன்று பின்னேரம் கேட்டேன். அப்பா பேப்பரில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"சுடுதண்ணி வரச் சுணங்குது பிள்ளை. நேரம் எடுக்குது. அதான்."

"எத்தினை நாளா? ஏன் அப்பா சொல்லேல்லை?"

"இதென்ன பெரிய விசயமே? மெல்ல ஆறுதலா வரட்டும்."

எனக்கு ஏறிவிட்டது. பெருமை பேசிப் பூட்டிய பொயிலர், என் நித்திரையைக் கெடுப்பதும் போதாமல், அப்பாவுக்குத் தண்ணீரும் ஒழுங்காய்க் கொடுக்கவில்லை! இதற்கிடையில் அவருக்குத் தடிமன் பிடித்து இருமலும் தொடங்கியிருந்தது. இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்குப் படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. குளிர் நாட்டுக்கு வந்த மனிசன், சூடாக ஒரு வாளி தண்ணீர் கிடையாமல் இருமுகிறார். மாரி முடிந்ததும் ரிக்கற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பொயிலரைத் திருத்தினால் அப்பா நிற்பார், திருத்தாவிட்டால் போய்விடுவார். என் புத்தியில் கணக்கு இப்படித்தான் விழுந்தது.

பொயிலர் பார்க்கிற ஆளைக் கூப்பிட்டோம். ஒரு வெள்ளைக்காரர், நான் நித்திரையால் எழும்பிய பிறகு பின்னேரம் போல வந்தார். பைப்பைத் திறந்தார். டக், வூம், உறுமல். கையை நீட்டினார், சுட்டது, கையை எடுத்தார். ஒரு குறையும் இல்லை என்றார். வேண்டுமானால் இன்னொரு தரம் பார்க்கிறேன் என்று சமைக்கிற குசினியில் இருந்த பைப்பையும் திறந்தார். அங்கேயும் நன்றாகச் சுட்டது. டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுவிடுகிற பிள்ளைகளைப் போல அந்தப் பொயிலரும் நல்ல பிள்ளையாக உறுமிக்கொண்டு நின்றது. அப்பா அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

அடுத்த நாளும் அப்பா பாத்ரூமுக்குள் ஒரு மணித்தியாலம் இருந்தார்.

பிறகு விசயம் கோயில் மண்டபத்துக்குப் போனது. தமிழ்ப் பூசை முடிந்தால் மண்டபத்தில் தேத்தண்ணியும் றோல்ஸும் இருக்கும். றோல்ஸைக் கடித்துக்கொண்டு எங்கள் ஆட்கள் வைத்தியம் சொல்லாத விசயம் உலகத்தில் கிடையாது. நான் வாய் திறந்ததுதான் தாமதம், ஆளுக்கொரு பக்கம் தொடங்கிவிட்டார்கள். ஒரு அண்ணை, அவர் பஸ் ஓட்டுகிறவர், அடித்துச் சொன்னார்.

"தங்கச்சி, அது சுண்ணாம்பு. லண்டன் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பு. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் பிடிக்கிறதைப் பாத்திருக்கிறீர்தானே? அதுதான் பொயிலருக்குள்ளயும். வினாகிரி விட்டுக் கழுவ வேணும்."

"ஆனா அண்ணை, ஞாயிற்றுக்கிழமையில நல்லாத்தானே வருது" என்றேன். அது உண்மை. ஞாயிறு காலையில் பூசைக்கு வெளிக்கிடும்போது அப்பாதான் முதல் ஆளாகக் குளித்து, ஆவி பறக்க வெளியே வருவார். மற்ற நாட்களில்தான் சுணக்கம்.

அண்ணை கொஞ்சமும் அசரவில்லை. "வரும்தானே! ஞாயிற்றுக்கிழமையில பக்டரியள் எல்லாம் பூட்டு. காஸ் முழுக்க வீடுகளுக்குத்தான் வரும். பிறகென்ன?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். பொயிலரும் கத்தோலிக்கப் பொயிலர்தான், ஞாயிறு கடன் தவறாது என்று யாரோ சொல்ல மண்டபமே சிரித்தது. அப்பா மட்டும் றோல்ஸில் இருந்த மிளகாயைப் பிரித்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரத்தில் அதெல்லாம் கண்ணில் படவில்லை.

மிஞ்சியது எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மலேசியத் தமிழர். படிக்க வந்து, படித்து முடித்து, இங்கேயே ஒரு பெரிய ஒபிசில் கணக்காளராக இருந்தவர். எதையும் புத்தகத்தைப் படிக்காமல் தொடமாட்டார். எங்கள் பொயிலரின் புத்தகத்தை இன்டர்நெட்டில் தேடி, ஒபிசில் அச்சடித்துக்கொண்டு, ஒரு சனி பின்னேரம் வந்து அலுமாரிக்கு முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். பிரஷர் முள்ளைப் பார்த்தார். தண்ணீர் உள்ளே போகிற இடத்தில் இருந்த சின்னச் சல்லடையைக் கழற்றிக் கழுவினார். பக்கம் பக்கமாகப் புரட்டிச் சரி பிழை போட்டுக்கொண்டே வந்தார்.

"சிஸ்டர், மெஷின் ஓகே லா. ஆனா இந்தத் திருகை இப்படித் திருப்பி வச்சிட்டா, மெஷின் உள்ள கொஞ்சம் தண்ணிய எப்பவும் சூடாவே வச்சுக்கும். அங்கிள் தொறந்ததும் சூடா வரும்."

திருகைத் திருப்பினார். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"அங்கிள், நீங்க பைப்பை எவ்ளோ தொறப்பீங்க? தண்ணி ரொம்ப மெல்லிசா வந்தா நெருப்பே பத்தாதுன்னு போட்டிருக்கு."

"எல்லாரும் திறக்கிற மாதிரித்தான் தம்பி" என்றார் அப்பா. சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போய்விட்டார்.

திருகைத் திருப்பி வைத்ததில் ஒரு புதுத் தொல்லை முளைத்தது. தண்ணீரைச் சூடாகவே வைத்திருப்பதற்காக, யாரும் பைப்பைத் தொடாமலே பொயிலர் நினைத்த நேரத்தில் தானாக உறுமியது. ஞாயிறு முழுவதும் அப்படி. அப்பாவுக்காக அதையும் பொறுத்துக்கொள்வோம் என்று பல்லைக் கடித்தேன். ஆனால் திங்கள் நான் வேலையால் வந்து படுத்து எழும்பிப் பார்த்தால், திருகு பழைய இடத்தில் நிற்கிறது. திருப்பி வைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. காஸ் மிச்சம் பிடிக்கிறார் என்று என் கணவர்மீது பாய்ந்தேன். அவர் தன் தாயின்மீது ஆணையாகத் தொடவில்லை என்றார். நான் நம்பவில்லை. அந்தத் திருகினால் எங்களுக்குள் இரண்டு நாள் கதை பேச்சில்லை. அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டு, கறி நல்லா இருக்கு என்றார்.

பாலன் பிறந்த நத்தார் முடிந்து, குளிர் நன்றாய் இறுகிய ஒரு நாள், அப்பா தன் தங்கையோடு போனில் பேசுவது மாடிப்படியில் நின்ற எனக்குக் கேட்டது.

"ஓம் தங்கச்சி. உயிர்த்த ஞாயிறுக்கு முன்னம் வந்திடுவன். சீச்சீ, பிள்ளையள் நல்லாத்தான் பாக்குதுகள். எனக்குத்தான் இஞ்சை ஒத்துவரேல்லை."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உயிர்த்த ஞாயிறுக்கு அதிக நாள் இல்லை. இந்தப் பாழாய்ப்போன பொயிலரிடம் தோற்றுப்போனேனே என்று இருந்தது. அம்மா சாகும்போது பாதை பூட்டியிருந்தது, என்னால் போக முடியவில்லை. இவரையாவது என் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எவ்வளவோ நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு காலை. வேலையில் அன்று இரவு எனக்குப் பிரியமான ஒரு வெள்ளைக்கார அம்மா இறந்துபோயிருந்தா. அவவைக் கழுவித் துடைத்து, நல்ல உடுப்புப் போட்டு, தலை வாரிவிட்டு வந்திருந்தேன். வீட்டுக்கு வந்து படுத்தேன். கணவர் வேலைக்குப் போய்விட்டார். வழக்கமாக அடித்துப் போட்டது போலக் கிடப்பவளுக்கு அன்று கண் மூட முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அப்பாவின் அறைக் கதவு மெல்லத் திறந்தது. காலடி கேட்டது என்றும் சொல்ல முடியாது. அவர் பாத்ரூமுக்குள் போனார். அலுமாரிக் கதவு ஒரு தரம் முனகியது. திருகு திரும்புகிற ஒரு சின்ன 'கிளிக்'. இனிப் பைப்பைத் திறப்பார், பொயிலர் உறுமும் என்று காத்திருந்தேன்.

உறுமவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பைப் திறந்த சத்தமும் இல்லை, தண்ணீர் விழுகிற சத்தமும் இல்லை. உள்ளே என்னதான் செய்கிறார்? விழுந்துவிட்டாரோ என்று பயம் பிடித்துக்கொண்டது. எழும்பிப் போனேன். பூட்டினால் 'டக்' என்று கேட்கும் என்பதற்காகவோ என்னவோ, கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தார். தள்ளினேன்.

அப்பா சாரமும் பனியனுமாகத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பைப்பின் வாயில் ஒரு பழைய சாரத்துணிக் கீலம் கட்டியிருந்தது. அதன் மற்ற நுனி வாளியின் அடியைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. பைப்பை நூலளவு திறந்திருந்தார். அந்த நூல் தண்ணீர் துணியின் வழியே, ஒரு துளிச் சத்தம் இல்லாமல், வாளிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வாளி கால்வாசிகூட நிறையவில்லை.

அந்தத் துணியைக் கண்டவுடன் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குவாட்டர்ஸ் கிணற்றடியும், வாளியின் காதும், கயிற்றைக் கையால் இழுத்து இழுத்து அம்மாவின் உள்ளங்கையில் விழுந்த தழும்பும். வாளிக்குள் கையை வைத்தேன். ஐஸ்.

அவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு எழும்பினார்.

"ஏன் பிள்ளை எழும்பினனீ? சத்தம் கேட்டதோ?"

முதல் கேள்வியே அதுதான். எனக்கு வந்த கோபத்திலும் அழுகையிலும் எது முதலில் வந்தது என்று தெரியாது.

"இந்தக் குளிருக்குள்ள பச்சைத் தண்ணியிலயோ குளிக்கிறியள்? எத்தினை நாளா? மாரி முழுக்கவோ? விசரோ உங்களுக்கு? நிமோனியா வந்து செத்துப்போனா நான் என்ன செய்யிறது?"

"சத்தம் போடாதை. நல்லாத் திறந்தாத்தானே அந்தப் பொயிலர் கத்துது. மெல்லத் திறந்தா அதுக்குத் தெரியாது." ஏதோ ஒரு நல்ல உபாயத்தைக் கண்டுபிடித்தவர் போலச் சொன்னார். "நீ விடிய விடிய வேலை செய்துபோட்டு வந்து படுக்கிறாய். உன்ரை நித்திரையைக் குடிக்குது எண்டு நீதானே சொன்னனீ."

"அது பொயிலரை ஏசினது அப்பா!"

"யாரையெண்டாலும் நித்திரை உன்ரைதானே." துணியைப் பைப்பிலிருந்து அவிழ்த்து, பிழிந்து, கையில் வைத்துக்கொண்டார். "அத்தினை வருசம் நான் இரவுக் கடமை செய்தன். கொம்மா ஒருநாள்கூட என்னை எழுப்பேல்லை."

தொட்டி விளிம்பில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அவர் ஈரக் கையோடு என் தலையைத் தடவினார். ரிக்கற்றின் கதையும் அப்போதுதான் வந்தது. ஒத்துவராதது குளிர் இல்லை. பகலில் நித்திரை கொள்கிற மகளின் வீட்டில், இருமக்கூட ஏலாமல், கேத்திலைக்கூட அது விசில் ஊத முன்னம் நிறுத்திக்கொண்டு, தான் ஒரு இடைஞ்சலாய் இருப்பதாக நினைத்திருக்கிறார். "நான் இஞ்சை இருந்தா உனக்கு ஆறுதல் இல்லைப் பிள்ளை. நான் போனா நீ நிம்மதியாப் படுப்பாய்" என்றார். பொயிலரைக் கழற்றிப் பார்த்த ஒருவருக்கும் இது தட்டுப்பட்டிருக்காது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினேன். கெஞ்சினால் கேட்கிற ஆள் இல்லை அப்பா. பந்தயம் கட்டினால்தான் சரிவரும் என்று தோன்றியது.

"நான் இப்ப போய்ப் படுக்கிறன். நீங்கள் பைப்பை முழுக்கத் திறந்து, அது கத்துற அளவுக்குக் கத்தட்டும், நல்லாச் சுடச்சுடக் குளியுங்கோ. எனக்கு நித்திரை வராட்டி, நானே உங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிளேன் ஏத்திவிடுறன். வந்திட்டா, அந்த ரிக்கற்றைப் பற்றி இந்த வீட்டில இனி ஒருத்தரும் கதைக்கக் கூடாது."

"நித்திரை வந்ததெண்டு நான் எப்பிடி அறியிறது?"

"வந்து பாருங்கோ."

போய்ப் படுத்தேன். சுணக்கம்தான். அந்த மனிசனுக்குப் பைப்பில் கைவைக்க மனம் வரவில்லை என்று எனக்குத் தெரியும். பிறகு டக். வூம். உறுமல். சுவர் அதிர்ந்தது, கட்டில் அதிர்ந்தது. நிறைந்த வாளியில் கோப்பை மொத்தென்று விழுந்தது. தண்ணீர் சளார் சளார் என்று முதுகில் அடித்தது. நடுவில் ஒரு செருமல், அடக்காத செருமல். அந்த மாரியில் முதன்முதலாக அப்பா அடக்காமல் செருமினார். என் தலையணை நனைந்து போயிற்று.

நித்திரை எங்கே வரும்? ஆனால் உறுமல் நின்றதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். என் அறைக் கதவு மெல்லத் திறந்தது. சவுக்கார வாசமும் சுடுதண்ணீர் ஆவியும் உள்ளே வந்தன. அப்பா அசையாமல் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதாது என்று பயந்து ஒரு குறட்டையும் விட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு சாத்துப்பட்டது.

அடுத்த நாளும் நடித்தேன். அதற்கு அடுத்த நாளும். எந்த நாளில் நடிப்பு நின்று உண்மையான நித்திரை வந்தது என்று எனக்குத் தெரியாது. எப்படியோ ஒரு கட்டத்தில் அந்த உறுமல் தொடங்கினால்தான் எனக்குக் கண் செருகும் என்று ஆகிவிட்டது. அப்பா குளிக்கிறார், தண்ணீர் சுடுகிறது, ஒரு குறையும் இல்லை என்று என் உடம்புக்குத் தெரிந்துவிடும். பிறகு வீடு இடிந்தாலும் எழும்பமாட்டேன். கணவரிடம் திருகு விசயத்துக்காக மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது, கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் தன் அச்சடித்த தாள்களை எடுத்து, அந்தப் பக்கத்தை மறுபடி படித்துப் பார்த்து, "கரெக்டா போட்டிருக்கான் லா" என்றார்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. அப்பா எங்களோடுதான் பூசைக்கு வந்தார், ஆவி பறக்க. ரிக்கற்றைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. கோடை முடிந்து அவருடைய அறையைக் கூட்டும்போதுதான் பார்த்தேன். சன்னல் தட்டு ஒரு பக்கம் சாய்வு, மாதா சுரூபம் ஆடிக்கொண்டே இருக்கும். ரிக்கற்றை நான்காக மடித்து, ஆட்டம் நிற்க, சுரூபத்தின் அடியில் ஒரு பக்கமாகச் செருகியிருந்தார். அதன் வருடம் முடிந்திருந்தது. நான் அதைத் தொடாமல் சுற்றித் துடைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ மாரி. ஒரு பின்னேரம் குசினியில் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, எந்தக் கதைத் தொடர்பும் இல்லாமல் அப்பா சொன்னார்.

"அண்டைக்கு நீ குறட்டை விட்டனீ."

"எண்டைக்கு?"

"பந்தயம் கட்டின அண்டைக்கு. சின்ன வயசில இருந்து நீ குறட்டை விடுறேல்லை."

"தெரிஞ்சுகொண்டோ இஞ்சை நிண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓம். இவ்வளவு பாடுபட்டு நடிக்கிற பிள்ளையை விட்டிட்டு எப்பிடிப் போறது?" என்றார். பிறகு பிஸ்கற்றைத் தேத்தண்ணிக்குள் தோய்த்தார்.

அவர் வந்து பத்தாண்டு நெருங்குகிற கட்டத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். இருமல் இல்லை, இழுபறி இல்லை. ஒரு ஞாயிறு பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, படுத்தவர் எழும்பவில்லை. அதற்கு அடுத்த மாரியில் பொயிலருக்கு உண்மையாகவே சுணக்கம் வந்தது. பைப்பைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், சுடுவதும் அரைகுறை. கழற்றிப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு கல்லாக இறுகிக் கிடந்தது. கோயில் மண்டபத்து அண்ணைக்குத் தன் வாக்கு பலித்ததில் ஒரே சந்தோசம். திருத்துகிற செலவுக்குப் புதிதாகவே பூட்டலாம் என்று என் கணவர் சொல்ல, நானும் சரி என்றேன். பூட்டிய பெடியன் வேலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, இது வேலை செய்வதே உங்களுக்குத் தெரியாது, அவ்வளவு அமைதி என்றான். என் கணவர் வழக்கம் போல அலுமாரியைத் திறந்து பார்த்துப் பெருமைப்பட்டார்.

மறுநாள் காலை வேலையால் வந்து படுத்தேன். கணவர் குளிக்கப் போனார். கதவு பூட்டுப்பட்டது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் காத்திருந்தேன். டக் என்று ஒன்றும் இல்லை. வூம் இல்லை. சுவர் சும்மா சுவராக இருந்தது. எவ்வளவோ நேரம் அப்படியே கிடந்துவிட்டு, எழும்பிப் போய்ப் பாத்ரூம் கதவைத் தட்டினேன்.

"சுடுதண்ணி வருதோ?"

"நல்லாச் சுடுது" என்றார் உள்ளேயிருந்து. "ஏன், சத்தம் கேட்டு எழும்பினீரோ?"

"இல்லை" என்றேன்.